65 கிலோமீட்டர் ஓடிய நான்கு வயதுச் சிறுவன்

புது தில்லி: ஒடிசா மாநிலம் புரியிலிருந்து தலைநகர் புவனேசுவரம் நோக்கி, 2006-ம் ஆண்டு மே 2-ம் தேதி ஓடத் தொடங்கினான் நான்கு வயதுச் சிறுவன் புதியா சிங். 65 கி.மீ. தொலைவை 7 மணி 2 நிமிடங்களில் கடந்து, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றான். இலக்கான 70 கி.மீ.ஐ எட்டுமுன் உடல் தளர்ந்ததால் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

புவனேசுவரம் குடிசைப் பகுதியைச் சேர்ந்த புதியாவின் திறமையைக் கண்டறிந்தவர் ஜூடோ பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ். குறும்புக்குத் தண்டனையாக ஓடச் சொல்லிவிட்டு வெளியே சென்றதாகவும், பல மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் சிறுவன் ஓடிக்கொண்டிருந்ததாகவும் அவர் கூறி வந்தார்.

பிஞ்சு உடல் இதைத் தாங்குமா என்ற கேள்வி எழவே, நெடுந்தொலைவு ஓட்டங்களுக்கு மாநில அரசு தடை விதித்தது. 2007-ல் புதியா அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கப்பட்டான். 2008 ஏப்ரலில் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒலிம்பிக் கனவு கைகூடவில்லை. புதியாவின் கதையைக் கூறும் இந்தித் திரைப்படம், சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்று, 2016 ஆகஸ்டில் வெளியானது.

அதற்கு முந்தைய மாதம்தான், 14 வயதுக்கு உள்பட்டோரை வேலையில் அமர்த்தத் தடை விதிக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. விளையாட்டுக்கு அதில் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. பள்ளிக் கல்வி பாதிக்கப்படக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குழந்தை எவ்வளவு தொலைவு ஓடலாம் என்பதைச் சட்டம் கூறவில்லை.