ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: குறைகளும் காரணங்களும்



எங்கள் வீட்டில் 1989-இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று உண்டு. மாதுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த என் அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. 2022 ஆகஸ்டில் அவருக்கு எண்பதாம் கல்யாணம். அதற்குள் வண்டியைப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஜூலை மாதத்தில் நானே பெயிண்ட் அடிக்கத் துணிந்தேன். மும்பையில் ஜூலை என்றால் எப்படி மழை பெய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் புத்தி போகவில்லை.

கட்டடத்தின் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, வாடகைக் கம்ப்ரசர், ஒரு ஸ்பிரே கன், நீல நிற என்.சி. பெயிண்ட். (பழைய நிறத்தையே அடித்தேன். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.) முதல் கோட் அடித்துக் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சாம்பல் பூசணிக்காய் மேல் படிந்திருப்பதுபோல வண்டி முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. பதறிப்போய் அடுத்த கோட்டுக்குக் கன்னைக் கையில் எடுத்தேன். மாடிப்படி ஏறி வந்த அப்பா, "இன்னொரு கோட் அடிக்காதேடா. முதல்ல ஏன் வெளுத்துச்சுன்னு பாரு" என்றார்.

அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரை. குறையை மேலே பூசி மறைக்க முடியாது. காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் தீரும்.

வெள்ளை பூத்தல்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல அங்கே நீர் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். மழை விட்டு ஈரம் குறைந்த வேளையில், மெதுவாக ஆவியாகும் 'ரிட்டார்டர்' கலந்த தின்னரை மெல்லிய புகைபோல் தூவினால், மேற்பரப்பு இளகி ஈரம் வெளியேறும். எனக்குப் பெரும்பகுதி இப்படியே சரியானது. போகாத இடத்தை நன்கு காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்தேன்.

மீன்கண்: சிறு சிறு வட்டக் குழிகளாகப் பெயிண்ட் விலகி நிற்கும். அடியில் எண்ணெயோ, மெழுகோ, சிலிக்கோன் கலந்த பாலிஷோ இருப்பதே காரணம். நான் வண்டியை மண்ணெண்ணெயால் துடைத்திருந்தேன்; அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டது. கம்ப்ரசர் காற்றோடு வரும் எண்ணெயும் இதைச் செய்யும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே பிசுக்கை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும் கீறல்களுக்குள் எண்ணெய் இறங்கிவிடும். பிசுக்கு நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குழி விழுந்துவிட்டால், காயவிட்டு அடிவரை தேய்த்துச் சுத்தம் செய்து, மீண்டும் அடிப்பதைத் தவிர வழியில்லை.

வடிதல்: தின்னர் அதிகமானாலும், கன்னை மிக அருகில் பிடித்தாலும், ஒரே இடத்தில் கை தயங்கினாலும் பெயிண்ட் வடியும். கன் ஆறிலிருந்து எட்டு அங்குலத் தூரத்தில், ஒரே சீராக நகர வேண்டும். வடிந்ததை ஈரத்தோடு துடைக்காதீர்கள். நன்கு காய்ந்தபின், தட்டையான மரக்கட்டையில் 800 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டு, மேடான பகுதியை மட்டும் தேய்க்க வேண்டும்.

ஆரஞ்சுத் தோல்: பெயிண்ட் கெட்டியாக இருந்தாலோ, காற்றழுத்தம் குறைந்தாலோ, கன் தூரமாக இருந்தாலோ, துளிகள் பரவிச் சமமாகும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். 1000, 1500, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். ஓரங்களில் மட்டும் கை பதமாக இருக்கட்டும். அங்கே பெயிண்ட் மெல்லியது. சட்டென்று பிரைமர் தெரிந்துவிடும்.

ஊசித்துளைகள்: அவசரத்தின் பலன். முந்தைய கோட்டின் தின்னர் வெளியேறும் முன் அடுத்ததைக் கனமாக அடித்தால், உள்ளே சிக்கியது மேலே துளைத்துக்கொண்டு வரும். கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். மழைக்காலத்தில் இன்னும் சற்று அதிகம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஹார்டனர் கலந்து அடிக்கும் 'டூ-கே' பெயிண்டை வீட்டில் தொடவேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. என்.சி. பெயிண்டுக்கும் ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியும் நல்ல காற்றோட்டமும் தேவை. தின்னர் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, சிகரெட்டோ கூடாது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது. ஆனால் முன்சக்கர மட்கார்டில் இருந்த ஒரு மீன்கண்ணை மட்டும், நேரமில்லை என்று மேலே கோட் அடித்து மூடிவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் வண்டியைப் பாராட்டினார்கள். ஆறே மாதத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்தது. அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.