சைக்கிளில் பிள்ளையை ஏற்றும்போது

சி ரூசா பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் நிறைந்திருந்த நாள்களில், விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் சைக்கிள்களை நாம் பார்த்திருக்கிறோம். பின் கேரியரில் காண்டா வாளி இருக்கும். முன் பாரில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் தூக்கம் கலையாத பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் இறக்கிவிட்டு அப்பா பால்வெட்டுக்குப் போவார். சில வீடுகளில் பாரின்மேல் கட்டுவதற்கென்றே சின்னப் பிரம்பு நாற்காலி இருந்தது.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்கிறது. ஆனாலும் சைக்கிள் நம்மை விட்டுப் போய்விடவில்லை. பேரப்பிள்ளையைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் தாத்தா இருக்கிறார். கடைக்குப் போகும்போது கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லாத தாயும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெலுக் கெமாங் கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு மிதித்துப் போகிறவர்களும் உண்டு. மோட்டார் சைக்கிளில் போனால் தலைக்கவசம் போடவேண்டும் என்று நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. அது நமக்கெல்லாம் தெரியும். சைக்கிளில் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அப்பா எப்படி ஏற்றினாரோ, அப்படியே நாமும் ஏற்றுகிறோம்.

சைக்கிளுக்கும் பிள்ளைக்கும் பால்மரத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கியது. மகனுக்காக அவர் ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றி மாட்டிப் பார்த்தார். 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பிறகு சைக்கிள் உலகெங்கும் பரவியது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பர்த் தோட்டம் போட்டார். மோட்டார் கார் வந்தபின் தோட்டங்கள் நெகிரி செம்பிலானிலும் மளமளவென்று பெருகின. நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்த கதைக்குப் பின்னால் ஒரு சிறுவனின் வண்டியும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

நாங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். மூன்று வயதுப் பையன். பின் கேரியரில் சாக்கை நான்காய் மடித்துப் போட்டு அப்பா அவனை உட்கார வைத்திருந்தார். அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கோயில் வளைவில் சைக்கிள் வெடுக்கென்று நின்றது, பையன் அலறினான். குதிகால் சக்கரக் கம்பிக்குள் போயிருந்தது. காலை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. இரத்தம் அவ்வளவாக இல்லை. கோப்பித் தூளை அப்பித் துணியால் கட்டினார்கள். "நாளைக்கே ஓடுவான் பாருங்க" என்றார் ஒரு பெரியவர். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது குதிகால் தோல் கறுத்துப் போயிருந்தது. மருத்துவமனையில் தொடைத் தோலை எடுத்துக் குதிகாலில் ஒட்டவேண்டி வந்தது. அந்தத் தகப்பனார் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் வேகமாக்கூட போகலையே!"

அவர் சொன்னது உண்மை. இந்தக் காயத்துக்கு வேகம் தேவையில்லை. பழைய பெரிய சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 கம்பிகள் இருக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது ஒருவர் ஓடிக்கொண்டே கூட வரக்கூடிய வேகத்தில் போனாலும், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 50 கம்பிகள் ஓர் இடத்தைக் கடந்து போகின்றன. பிள்ளையின் கால் உள்ளே போனதும் கம்பி அதை இழுத்துக்கொண்டுபோய், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் குழாயோடு வைத்து நெரிக்கிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கு நடுவே விரல் மாட்டுவது போலத்தான்.

அதனால் வெட்டு, நசுக்கு, தோல் சதையை விட்டு விலகுதல் என மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெட்டு கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் உடனே தெரியா. தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளங்கள் உள்ளே நசுங்கிவிட்டால், தோல் அன்று நன்றாக இருப்பதுபோலவே இருந்து, இரண்டு மூன்று நாளில் செத்துக் கறுக்கும். குதிகாலுக்குப் பின்னால் நடப்பதற்கும் தாவுவதற்கும் வேண்டிய பெரிய தசைநாண் வேறு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு எலும்பும் முறிகிறது. இரண்டு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். அவர்களுடைய கால் எதிலும் ஊன்றாமல் தொங்குகிறது. களைத்தாலும் தூங்கினாலும் கால் தானாக உள்பக்கம் சாய்ந்துவிடுகிறது. கடிந்துகொண்டு பயனில்லை. "காலை அகட்டி வை" என்று எத்தனை முறை சொன்னாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நினைவில் நிற்காது.

அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில், காலைப் பிடித்து இழுக்கவேண்டாம். சக்கரத்தைப் பின்னால் சுழற்றவும் வேண்டாம். சைக்கிளை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பிள்ளையைத் தாங்கிக்கொள்ளட்டும். கம்பியைப் பிளாயரால் வளைத்தோ வெட்டியோ காலை விடுவிக்கவேண்டும். கம்பியின் விலை ஒன்றும் பெரிதில்லை. பிறகு சுத்தமான குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலை உயர்த்தி வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கோ போர்ட்டிக்சன் மருத்துவமனைக்கோ போகவேண்டும். கோப்பித் தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். மருத்துவர் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பார். இசிவு நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பார். பிள்ளையின் ஊசி அட்டையைக் கொண்டுபோனால் நல்லது. காயம் சிறியது என்று அனுப்பிவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி காட்டுங்கள். அந்தப் பையன் விஷயத்தில் தவறிப்போனது அந்த மூன்று நாள்தான்.

இனி, மாட்டாமல் தடுப்பது. கடையில் விற்கும் நல்ல குழந்தை இருக்கையைப் பார்த்தால், அதில் பிள்ளையின் முதுகுக்குச் சாய்வும் தோளுக்கு வாரும் இருப்பதோடு, இரண்டு பக்கமும் காலை மூடும் அகலமான கூடும், பாதத்தைக் கட்ட ஒரு பட்டையும் இருக்கும். நாம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், மெத்தையைப் பார்க்கிறோம். முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கால்கூட்டைத்தான். ஐரோப்பிய நாடுகளின் தரவிதிப்படி, பின்னால் மாட்டும் இருக்கை 9 முதல் 22 கிலோ வரை உள்ள பிள்ளைக்கு. முன்னால் மாட்டுவது 9 முதல் 15 கிலோ வரை. பெட்டியின்மேல் இந்த எண்கள் அச்சிட்டிருக்கும்.

இருக்கை வாங்க இப்போது கையில் பணமில்லை, பிள்ளையோ கேரியரில் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றால், சக்கரத்தையாவது மூடுங்கள். பழைய பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து அரைவட்டமாக இரண்டு தகடு வெட்டி, மட்கார்டைத் தாங்கும் கம்பியோடு இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டலாம். தகடு கம்பியில் உரசாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். இதில் புதுமை ஒன்றுமில்லை. இந்தியாவில் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. சேலைத் தலைப்பு மாட்டாமல் இருக்க உதவுவதால் அங்கே அதைச் சேலைத் தடுப்பு என்கிறார்கள். நம் கைலி முனைக்கும் துப்பட்டாவுக்கும் அது பொருந்தும். கால் ஊன்ற இரண்டு பக்கமும் மிதி வைப்பதையும் மறக்கவேண்டாம்.

முன் பாரைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். 1992-இல் மகளிர் தினத்தை ஒட்டி 1500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். வயல்வேலைக்கும் கல்லுடைக்கவும் போகிற ஏழைப் பெண்கள் அவர்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்களைப் பற்றி எழுதியபோது ஒரு செய்தியைக் குறித்தார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை ஓட்டியவர்களில் சிலருக்கு, அதுவே பிடித்துப்போனதாம். காரணம், அதில் பார் இருக்கிறது. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அந்தத் தாய்மாரின் கணக்கு நமக்குப் புரிகிறது. முன்னால் இருந்தால் பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது, பேசிக்கொண்டே போகலாம், இரண்டு கைக்கும் நடுவில் அணைப்பாக இருக்கிறது. ஆனால் வெறும் பாரில் கால் தொங்கினால், அது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முன் சக்கரத்தில் கால் மாட்டினால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவரும் பிள்ளையும் ஹாண்டிலுக்கு மேலாகப் பாய்ந்து விழுவார்கள். பிரம்பு நாற்காலியிலும் இந்தக் குறை உண்டு. பிடிக்கக் கைப்பிடி இருக்கிறது. இடுப்பு வாரும் இல்லை, கால்கூடும் இல்லை. ஆகவே முன்னால்தான் வைப்போம் என்றால், கால்கூடு உள்ள முன் இருக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையை ஏற்றலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். ஒரு வயது நிரம்பும்வரை வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் பலரின் கருத்து. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலைதான். அவ்வளவு கனமான தலையைக் குலுங்கும் வண்டியில் தாங்க அந்தக் கழுத்துக்கு வலு இல்லை. அதன்மேல் தலைக்கவசத்தின் கனமும் சேரும். தூளித் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு ஓட்டுவதும் சரியில்லை. நாம் விழுந்தால் பிள்ளையின் மேலேயே விழுவோம். ஒரு வயது ஆனபின்னும், தானாக நிமிர்ந்து உட்காரவும் கவசத்தோடு தலையை நேரே வைத்திருக்கவும் முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவசம் சைக்கிளுக்கான சிறிய, இலேசான கவசமாக இருக்கட்டும். அண்ணனின் மோட்டார் சைக்கிள் கவசம் சின்னக் கழுத்துக்குப் பாரம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டுக் கவசம் உட்காரவேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையவேண்டும்.

பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுவது ஓடும்போதுதான் என்று நினைக்கிறோம். நின்றுகொண்டிருக்கும் சைக்கிளிலிருந்தும் நிறைய விழுகிறார்கள். பிள்ளையை இருக்கையில் விட்டு, ஸ்டாண்டைப் போட்டு, "ஒரு நிமிஷம்" என்று கடைக்குள் போகிறோம். பிள்ளை அங்கே பூனையைப் பார்த்துத் திரும்பினால் போதும், வண்டி சாய்ந்துவிடும். பிள்ளையைக் கடைசியில் ஏற்றவேண்டும், முதலில் இறக்கவேண்டும். பையையும் குடையையும் எல்லாம் அதற்கு முன்னே மாட்டிவிடுங்கள்.

புதிதாக இருக்கை பூட்டியவர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளைக்குப் பதிலாக 10 கிலோ அரிசி மூட்டையை அந்த இருக்கையில் வைத்து வாரால் கட்டி, பந்துத் திடலில் நாலு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். கிளம்பும்போது ஹாண்டில் எப்படி ஆடுகிறது, திரும்பும்போது பின்பாரம் எப்படி இழுக்கிறது, பிரேக் பிடித்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அரிசி கீழே விழுந்தால் அள்ளிக்கொள்ளலாம். பின் டயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிக்கவும் வேண்டும்.

மழை பெய்தால் கணக்கே வேறு. பழைய சைக்கிள்களின் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும்; நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரித் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. வார இறுதியில் கோலாலம்பூர்க் கார்கள் கடற்கரைச் சாலையில் வரிசையாக வரும். அன்று பிள்ளையோடு அந்தப் பெரிய சாலையில் ஏறவேண்டாம். உள்பாதை இருந்தால் அதில் போங்கள், சுற்றானாலும் பரவாயில்லை. மாலை இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கையின் முதுகால் மறைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மிதிக்கிற நமக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது. நம் முதுகுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு காற்று கிடைப்பதில்லை. வாரின் இரும்புக் கொக்கி சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து மாட்டுங்கள். தண்ணீர்ப் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கித் தலை சாய்ந்துவிட்டால், மரநிழலில் நின்று இறக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

22 கிலோ தாண்டிய பிள்ளை இருக்கையை விட்டு இறங்கவேண்டியதுதான். அந்த வயதில் அதுவே தனக்கென்று ஒரு சின்னச் சைக்கிள் கேட்க ஆரம்பித்திருக்கும். வீட்டுப் பரணில் பழைய பிரம்பு நாற்காலி கிடந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். சைக்கிளில்தான் வேண்டாம் என்கிறோம். தரையில் வைத்துப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்ட அதைப்போல வசதியான ஆசனம் இன்னும் வரவில்லை.