திமிங்கலத்தின் உறவைச் சொன்ன காது

திமிங்கலத்துக்கும் குளம்புப் பிராணிக்கும் உறவு என்றால் சிரிப்பீர்கள். அதற்குச் சாட்சி ஜம்முவைச் சேர்ந்த ரஜௌரி மாவட்டத்தில், காலாகோட் என்ற ஊரருகே கிடைத்திருக்கிறது.

நிலவியல் அறிஞர் ஏ. ரங்கராவ் அங்கே பாறைகளைச் சேகரித்தார். அவற்றில் கண்ட பிராணிக்கு 1971-ல் 'இண்டோஹியஸ்' என்று பெயரிட்டார். இந்தியப் பன்றி என்று பொருள். ஆனால் தோற்றத்தில் அது சருகுமானைப் போன்றது, பூனையளவுதான். வாழ்ந்தது சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

ரங்கராவ் காலமான பின், உடைக்காமல் கிடந்த பாறைகளை அவர் மனைவி அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிஸ்ஸனிடம் ஒப்படைத்தார். அவற்றிலிருந்து எடுத்த ஒரு மண்டையோடு, உதவியாளர் கைதவறி உடைந்தது. அதுவே நல்லதாயிற்று! நடுக்காதைச் சூழ்ந்துள்ள கிண்ணம் போன்ற எலும்பின் உட்சுவர் மட்டும் மிகத் தடித்திருந்தது. அதுவரை திமிங்கல இனத்தில் மட்டுமே கண்ட அமைப்பு அது.

கால் எலும்புகளும் நீர்யானைக்கு இருப்பதுபோல் கனமானவை; மிதந்துவிடாமல் தண்ணீருக்குள் நடக்க ஏற்றவை. பற்களில் செய்த ரசாயனச் சோதனையும் நீர்வாழ்வையே காட்டிற்று.

தெவிஸ்ஸனும் ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சுனில் பாஜ்பாய் முதலானோரும் 2007-ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். இண்டோஹியஸ் திமிங்கலத்தின் நேர் பாட்டன் அல்ல, நெருங்கிய பங்காளி. கங்கையில் துள்ளும் டால்பினும் அந்த வம்சம்தான்.

ரங்கராவ் இதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. வெறும் கல் என்று எறிந்துவிடாமல் காத்து வைத்த அவர் மனைவியாருக்கு விஞ்ஞானம் கடமைப்பட்டிருக்கிறது.