பழைய டிராக்டர்: பழுதுநீக்கமும் பராமரிப்பும்

முப்பது ஆண்டுகளைக் கடந்தும் உழவு ஓட்டிக்கொண்டிருக்கும் டிராக்டர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றில் விவசாயிகள் நன்கு அறிந்தது எம்.எஃப். 1035. மாஸே ஃபெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு இது. இதன் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் செம்பியத்தில் உள்ள சிம்சன் நிறுவனத்தினுடையது. பிரிட்டனின் பெர்கின்ஸ் இன்ஜின் வழியில் வந்தது. கலப்பையை மூன்று இடங்களில் பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கி ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். இன்றைய டிராக்டர்களும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

எம்.எஃப். 1035, மஹிந்திரா பி-275, எச்.எம்.டி. 2511 போன்ற அந்தக் காலத்து வண்டிகள் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. தேய்ந்த உறுப்பைக் கழற்றி வேறு போட்டால் மறுபடி ஓடும். அதனால்தான் அவற்றைச் சீராக்கி ஓட்டுவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகிறது.

மண்ணும் சரிவும்

வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பழுதும் அமையும். தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியவந்த பெயர். மலைக்கு மேலே போடிமெட்டைத் தாண்டியுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் ஜீப்பில் போகின்றன. டிராக்டரின் வேலை அடிவாரத்து மானாவாரிக் காடுகளிலும் கிணற்றுப் பாசன நிலங்களிலும் முடிந்துவிடுகிறது.

மழை மறைவுப் பகுதியான இந்த அடிவாரத்தில் டிராக்டருக்கு மூன்று சோதனைகள். புழுதி இன்ஜினைத் தேய்க்கிறது. கரட்டுக் கல் டயரையும் முன் அச்சையும் கலப்பைக் கொழுவையும் பதம் பார்க்கிறது. சரிவு, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலை வைக்கிறது. பழைய வண்டியை வாங்குபவரும் பழுது பார்ப்பவரும் இந்த மூன்றையும் மனதில் வைத்தே சோதிக்க வேண்டும்.

வாங்கும் முன்

முதல் சோதனை காகிதத்தில். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். எச்.எம்.டி. நிறுவனம் 2016இல் டிராக்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இன்னும் தயாரிப்பில் உள்ள வகையைச் சேர்ந்த வண்டிக்குப் பாகம் எளிதில் கிடைக்கும்.

அடுத்தது இன்ஜின். அது முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சூடேற்றி வைத்த இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும். சுமையில்லாமலே கரும்புகை தொடர்ந்து வந்தால் நாசில், பம்பு, காற்று வடிகட்டி ஆகியவற்றில் கோளாறு. நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் கம்பியில் ஆயில் பாலாடை நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

நின்றுபோன வண்டியை எழுப்புதல்

பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியை இழுத்துக் கிளப்பக் கூடாது. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் இழுத்த வேகத்தில் உடைந்துவிடும். நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது டீசல் கலந்த ஆயிலை ஊற்றி ஓரிரு நாள் ஊற விட வேண்டும். பிறகு இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போடலாம்.

ரேடியேட்டரையும் கழுவ வேண்டும். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் சுண்ணாம்புப் படிவமாகத் தங்கி வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் இன்ஜின் வேண்டிய சூட்டை எட்டாமல் ஓடும். டீசலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

டீசல் வழி

பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் டீசல் வழியில் புகுந்த காற்றோ அழுக்கோதான் காரணம். டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரையும் வண்டலையும் முதலில் வெளியேற்ற வேண்டும். இரண்டு ஃபில்டர்களையும் மாற்றியபின் காற்றை எடுக்க வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரு ஸ்பேனர் போதும். டேங்க் குழாயைத் திறந்து, ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடிக்க வேண்டும். முதலில் நுரைத்து வரும் டீசல், சற்று நேரத்தில் குமிழியே இல்லாத இழையாக ஒழுகத் தொடங்கும். கை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பப் புகும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்குருவில் இதையே செய்ய வேண்டும். கடைசியாக நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டைச் சற்றே தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

நாசிலையும் பம்பையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில்தான் சரிபார்க்க வேண்டும். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் கொண்டது. அதன் முன்னால் கை நீட்டவே கூடாது.

இன்ஜினைப் பிரிக்கும் வேலை

ஆயில் குறைந்துகொண்டே போய், இழுவையும் இல்லாமல், பிரீதரில் புகை தள்ளினால் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் ஆகியவை செட்டாகவே கிடைக்கின்றன. கிராங்க் ஷாஃப்டை லேத் பட்டறையில் அளந்து, தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கான பேரிங் போட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ஸ்பேனரால், சொன்ன அளவுக்குப் படிப்படியாக இறுக்க வேண்டும். வால்வு இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இந்த வகைப் பெர்கின்ஸ் இன்ஜினில் அது ஆறிய நிலையில் சுமார் 0.30 மில்லிமீட்டர். பிரித்துக் கட்டிய இன்ஜினுக்கு முதல் ஐம்பது மணி நேரம் பளுவான உழவு கொடுக்காமல் இருப்பது நல்லது.

கிளட்ச், ஹைட்ராலிக், பிரேக்

ஃபெர்குசன் வழி வண்டிகளில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் அமைப்புக்கும் ஒரே ஆயில். கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே அந்த ஆயிலில் இறங்கும். ஆயில் வெளுத்து, கலப்பை மெதுவாகத் தூக்கும். தூக்கிய பிறகு தானாகவே இறங்கும். பம்பு போய்விட்டது என்று செலவு செய்வதற்கு முன் ஆயிலையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். அந்த ரப்பருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கிளட்ச் பெடலில் எப்போதும் கால் வைத்து ஓட்டுவதால்தான் பிளேட் சீக்கிரம் தேய்கிறது. பின் அச்சின் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் பிரேக் லைனிங்கில் பரவி, ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும். அடிவாரத்து இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை. வயலில் திருப்புவதற்காக இரு பிரேக்குகளும் தனித்தனியாக இருக்கும். சாலையில் ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குவது பாதுகாப்பு. இழுவைச் சங்கிலியை டிராபாரில் மட்டுமே கட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே கட்டினால் முன் சக்கரம் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. வேட்டியோ துண்டோ அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

அன்றாடப் பராமரிப்பு

சீராக்கிய வண்டியைக் காப்பாற்றுவது அன்றாடக் கவனிப்பே. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில், தண்ணீர், டயர் காற்று, கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். இன்ஜின் ஆயிலை 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

பொட்டிபுரம் போன்ற புழுதி நிலத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில் கிண்ணம் கொண்ட காற்று வடிகட்டி. இன்ஜினுக்குள் போகும் காற்று அந்த ஆயிலைத் தொட்டுத்தான் செல்கிறது. தூசி அங்கே தங்கிவிடுகிறது. கோடை உழவின்போது கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் சேறு கட்டியிருந்தால் டீசலில் கழுவிப் புது ஆயிலைக் குறியீடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி, கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கக்கூடும். வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் வடிகட்டி இருந்தும் இல்லாததே.

பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. கசிவெல்லாம் நின்று, பிரேக் பிடித்து, கலப்பை தூக்கி நின்ற பிறகு அடித்தால் போதும். கையிருப்புக் குறைவாக உள்ளவர் முதலில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும், அடுத்து டீசல் வழிக்கும் காற்று வடிகட்டிக்கும், பிறகே மற்றவற்றுக்கும் செலவிட வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓடியபின், எந்த ஆயிலும் பாகமும் மாற்றப்பட்டன என்பதை ஒரு நோட்டில் எழுதி வருவது அவசியம். அந்த நோட்டு இருந்தால் அடுத்து எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை மெக்கானிக்கும் ஊகிக்கத் தேவையில்லை.