பார்த்து எழுதுவதற்கு அப்பால்

தொடக்க வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி என்றால் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் சொல்வதை எழுதுவதும்தான். இரண்டும் கையைப் பழக்கும். மனத்தில் இருப்பதை வாக்கியமாக்க அவை மட்டும் போதாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு இந்த மண்ணின் பழைய வழி மணல். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இதைக் கண்டு தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூல் வழியே ‘மதராஸ் முறை’ எனப்பட்ட அவருடைய கற்பித்தல் முறை இங்கிலாந்துக்கும் போனது. பிழையைத் தடவி அழித்துவிடலாம் என்பதால் மணலில் குழந்தைக்குப் பயமில்லை. இன்றும் தட்டில் மணல் பரப்பி, ட, ப, ம போன்ற எளிய எழுத்துகளில் தொடங்கலாம். கொம்பு வரும் இடத்தில் நிதானம் வேண்டும். ‘கொ’ என்னும்போது முதலில் காதில் விழுவது ககர ஒலி. எழுதும்போதோ கொம்புதான் முதலில். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

வாக்கியம் எழுத, முதலில் பேச வேண்டும். எடுத்துக்காட்டாக, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பூங்காவை அடுத்துள்ள பென்னலூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் நைட் ஷிப்டும் நன்கு தெரியும். அவற்றையே தலைப்பாக்கலாம். “பஸ் எப்ப வரும்? யாரெல்லாம் ஏறுவாங்க? கையில என்ன இருக்கும்?” என்று ஆசிரியர் கேட்டு, பதில்களைச் சொன்னபடியே பலகையில் எழுதுவார். “அப்பா டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போவாரு” என்று ஒரு குழந்தை சொன்னால் அதை அப்படியே எழுதிவிட்டு, பிறகு வகுப்பே சேர்ந்து ‘எடுத்துக்கொண்டு போவார்’ என மாற்றலாம். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குக் குழந்தை வந்து சேர இதைவிட நல்ல வழியில்லை. இலக்கண விதி சொல்லி அந்த வயதில் அதைச் செய்ய முடியாது. அடுத்து, பலகையை அழித்துவிட்டு அவரவரை மூன்று வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டும். அழிக்காவிட்டால் மறுபடியும் பார்த்து எழுதுவதாகவே முடியும்.

வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் கேட்காத அவர்களுக்குப் படத்தோடு கூடிய சொல்லட்டைகள் உதவும். வாக்கியத்தைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி.

ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை பொருந்தாது. 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளைப் பிரித்தது இதனால்தான். ஒரே சந்தைப் படத்துக்கு ஒரு குழந்தை பெயர்களை எழுதட்டும், இன்னொன்று வாக்கியம் அமைக்கட்டும், மற்றொன்று கதையே எழுதட்டும்.

எழுதியதை வாசிக்க ஆளும் வேண்டும். மாதம் ஒரு சுவரிதழ், பக்கத்து வகுப்புக்கு ஒரு கடிதம் போதும். திருத்தும்போது பக்கம் முழுவதும் சிவப்பு மை வேண்டாம். இந்த வாரம் ர, ற மட்டும். அடுத்த வாரம் ல, ள, ழ.

வீட்டில் நோட்டைப் புரட்டும் பெற்றோர், கையெழுத்து அழகா என்று பார்ப்பதற்கு முன், எழுதியதைக் குழந்தையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.