நூறு ரூபாய்க்கு ஒரு மலை: ரஞ்சன்குடி

செகண்ட் இயர்ல எங்க கிளாஸ்ல ஏற்காடு பிளான் போட்டோம். குரூப்ல 14 பேர் ‘ஓகே’. கிளம்புற அன்னிக்கு வந்தது 6 பேர். ஒருத்தனுக்கு ஜுரம், ஒருத்திக்கு வீட்ல விசேஷம். ரொம்ப நாள் கழிச்சுதான் அந்த ஜுரக்காரன் உண்மையைச் சொன்னான். “ஆளுக்கு 1,500 ரூபாய்னு சொன்னீங்கடா, வீட்ல எப்படிக் கேக்குறது?”

அதுக்கப்புறம்தான் பக்கத்துல என்ன இருக்குனு தேட ஆரம்பிச்சேன். பெரம்பலூர்ல இருந்து வடக்கே 17 கிலோமீட்டர், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை இருக்கு. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல்ல பார்த்திருப்பீங்க, இறங்கியிருக்க மாட்டீங்க. மலை ஏறியே பழக்கம் இல்லாதவங்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இந்தப் பக்கம் கிடையாது. ஏறுறதுக்கு அரை நாள் போதும்.

மேல என்ன இருக்கு?

17-ம் நூற்றாண்டில், ஆற்காடு நவாபுக்குக் கீழ் இருந்த ஒரு ஜாகிர்தார் கட்டிய கோட்டை இது. இப்போ இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கு. வெட்டிய கருங்கல்லில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில்கள். சுற்றி அகழி, அரைவட்டக் கொத்தளங்கள். கீழ்ப்பகுதிக்குப் பேட்டைனு பேர், மேலே இருக்கிறது கோட்டைமேடு. ஒவ்வொரு அடுக்கும் நமக்கு ஒரு ரெஸ்ட் பாயின்ட். முதல் அடுக்கிலேயே மூச்சு வாங்கினா அங்கேயே உட்காரலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க.

1751-ல் இந்தப் பக்கம்தான் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும், இன்னொரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும். ஸ்கூல்ல கர்நாடகப் போர்னு மனப்பாடம் பண்ணினோமே, அதுல ஒரு பக்கம் நம்ம பஸ் ரூட்ல நடந்திருக்கு!

மேலே நின்னு மேற்கே பார்த்தா பச்சைமலை. கிழக்கே அரியலூர் பக்கம் போகப் போகத் தட்டை நிலம். அந்தப் பக்கமெல்லாம் கிரிட்டேசியஸ் காலத்தில் கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்குதே, அதுக்கு வயசு சுமார் 12 கோடி வருஷம். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னிக்கு அரியலூர் சிமென்ட் ஆலைகள் அரைக்குது. சிவில் பசங்க மேல நின்னு கொஞ்ச நேரம் இதை யோசிக்கலாம்.

நாங்க பண்ணின தப்பு

முதல் தடவை காலை சாப்பாட்டை முடிச்சு, பேசிட்டே கிளம்பி, 11 மணிக்கு அடிவாரம் போனோம். 7 பேருக்கு மூணு லிட்டர் தண்ணி. சின்ன மலைதானேனு ஒரு அலட்சியம். இறங்கும்போது ஒரு ஃப்ரெண்டுக்குத் தலை சுத்தி, வாந்தி வந்து, மதில் நிழல்ல அரை மணி நேரம் படுத்துட்டா. தண்ணி அப்பவே காலி. கீழ ஊருக்குள்ள ஓடிப்போய் ஒரு வீட்ல குடம் தண்ணி வாங்கிட்டு வந்தோம். அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, “இந்த வெயில்ல ஏம்பா ஏறினீங்க?”

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ ஆள் 100 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்புக்கு எதிரான வேலை 60 × 9.8 × 100, கிட்டத்தட்ட 59 கிலோஜூல். நம்ம தசையோட எஃபிஷியன்ஸி 25 சதவீதம்னு வெச்சா, உடம்பு எரிக்கிறது சுமார் 235. அதுல 176 கிலோஜூல் வெறும் சூடா உள்ளே தங்குது. இப்போ வெயிலைப் பாருங்க. உச்சிவெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். தலையும் தோளும் சேர்த்து 0.2 சதுர மீட்டர், அதுல பாதி சூடுதான் உடம்புல ஏறுதுனு வெச்சாலும், ஒரு மணி நேரத்துக்கு 360 கிலோஜூல். அதாவது வெயில்ல ஒரு மணி நேரம் சும்மா நிக்கிறது, 100 மீட்டர் மலையை ரெண்டு தடவை ஏறுற சூட்டுக்குச் சமம். தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் புரியுது. நம்மளை விழவெச்சது மலை இல்ல, 11 மணி.

இப்போ நாங்க போற முறை

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம். ஏப்ரல், மே மாசம் வேண்டவே வேண்டாம். காலை 6 மணிக்கு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு, 9:30-க்குள்ள கீழே. எல்லா பஸ்ஸும் நிக்காது, “ரஞ்சன்குடி நிக்குமாண்ணா?”னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைச்சா பொண்ணுங்களுக்கு டிக்கெட்டே இல்லை.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி ஹாஸ்டல்லயே பிடிச்சுக்கோங்க. அதுல ஒரு லிட்டர்ல 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்துடுங்க. ஸ்பூன் தலைதட்டி அளக்கணும், உப்பு கூடக் கூடாது. கடலைமிட்டாய், தொப்பி இல்லைன்னா துண்டு, தேயாத அடி உள்ள ஷூ. ஷூ புதுசா வாங்க வேண்டாம், பி.டி. ஷூ போதும்.

போன தடவை எங்க செலவு: பஸ் போக வர 40, டிபன் 40, கடலைமிட்டாய் 10. மொத்தம் 90 ரூபாய்.

மதில் விளிம்புல கைப்பிடி எதுவும் இல்லை, செல்ஃபிக்காகப் பின்னாடி நகராதீங்க. மழை பெஞ்ச மறுநாள் பாறை வழுக்கும். புதருக்குள்ள கை விடாதீங்க. யாருக்காவது தலைவலி, தலைசுத்தல் வந்தா உடனே நிழல், தண்ணி, அதோட இறங்கிடணும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108-க்குக் கூப்பிடுங்க, உடம்புல தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. மயங்கினவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

அடுத்து பச்சைமலையா?

ஆசை வரும், வரட்டும். ஆனா அது காடு. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போகக் கூடாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி 20 பேருக்கு மேல இறந்தாங்க, நிறைய பேர் நம்ம வயசுக்காரங்க. அந்த வருஷமே தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. அனுமதி, வழிகாட்டி ரெண்டும் கிடைச்சா மட்டும் போங்க.

போன டிசம்பர்ல அந்த ஜுரக்காரனும் வந்தான். முதல் ஆளா மேல ஏறி உட்கார்ந்துட்டு எங்களைக் கூப்பிட்டுட்டே இருந்தான். அடுத்த தடவை நீங்க பிளான் போடும்போது, இடத்துக்கு முன்னாடி ஆளுக்கு எவ்வளவு ஆகும்னு குரூப்ல போடுங்க. நிறைய பேருக்கு அப்போ ஜுரம் வராது.