இயற்கைக் கட்டுரைக்குப் படம்: ஒட்டுவதும் செதுக்குவதும்

நம் ஆண்டு மலர்களில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை வந்து, தட்டச்சு முடிந்து, பக்கம் கட்டும்போது அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். "ஏதாவது படம் போடுங்க" என்று ஒரு குரல் எழும். கணினியில் தேடினால் ஒரு தென்னை மரம், பின்னால் பாதிச் சூரியன், பக்கத்தில் ஒரு குடிசை. இடம் நிரம்பிவிட்டது. நெய்தல் நிலம் பற்றிய கட்டுரைக்கும் அதே தென்னை, பொங்கல் கவிதைக்கும் அதே தென்னை. குறிஞ்சி பற்றிய கட்டுரைக்கு லாவண்டர் பூவின் படம் அச்சாகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் மூணாறு மலைகளில் பெருவாரியாகப் பூத்தது. அதை நேரில் பார்க்காத நம் பிள்ளைகள் அந்த லாவண்டரைத்தான் குறிஞ்சி என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள். ஊரில் வளரும் குழந்தைக்கு, பனையையோ புங்கனையோ யாராவது தப்பாக வரைந்தால் திருத்துவதற்குத் தெருவிலேயே மரம் நிற்கிறது. கொல்கத்தாவில் அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு அந்த வசதி கிடையாது.

அதனால்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். இயற்கையைப் பற்றிய ஒரு கட்டுரைக்குப் படம் எப்படி உருவாகிறது, அதிலும் காகிதம் வெட்டி ஒட்டும் கொலாஜ் முறையும், செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சு முறையும் அதற்கு ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். தாவரவியல் நூலில் வரும் படம் ஒரு செடியின் இலை, பூ, காய், விதை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். சுவரில் மாட்டும் ஓவியம் யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைக் கட்டுரைக்கான படம் இந்த இரண்டும் இல்லை. கட்டுரை சொல்லும் ஒரு விஷயத்தை, ஒன்றே ஒன்றை, அது கண்ணுக்குக் காட்ட வேண்டும். எதைக் காட்டுவது என்பதைவிட எதை விடுவது என்பதே அங்கே பெரிய வேலை. பென்சிலும் வண்ணமும் கையில் இருந்தால் நமக்கு எதையும் விட மனசு வராது. கத்தரிக்கோலும் உளியும் அப்படி இல்லை. அவற்றால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதால் நம்மைத் தேர்ந்தெடுக்க வைக்கின்றன.

வரலாற்றிலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் மேடாக நிற்கும் பகுதியில்தான் மை பிடிக்கும். மரத்தில் செதுக்கிய படமும் அப்படித்தான். ஆகவே மரக்கட்டையை எழுத்தின் உயரத்துக்கே அறுத்து, எழுத்தோடு சேர்த்துப் பூட்டி, ஒரே அழுத்தில் இரண்டையும் அச்சிடலாம். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துத் தாமஸ் பியூவிக், கெட்டியான பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்கு வெட்டில் நுணுக்கமாகச் செதுக்கி, 1797-இலும் 1804-இலும் இரண்டு தொகுதிகளாகப் பிரிட்டிஷ் பறவைகள் நூலை வெளியிட்டார். பறவையைப் பற்றிய எழுத்தும் பறவையின் படமும் ஒரே பக்கத்தில், ஒரே கருமையில் நின்றன.

பிறகு புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறை வந்தது. அதில் இந்தியாவுக்கே முன்னோடியாக இருந்தவர் நம் கொல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. 1913-இல் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் இதழைத் தொடங்கியவர், சத்யஜித் ராயின் தாத்தா. படத்துக்காக மரம் செதுக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதோடு போயிற்று.

ஆனால் கட்டாயம் போன பிறகும் ஒருவர் செதுக்கினார். அதுதான் எனக்குச் சுவையான இடம். 1930-இல் தாகூரின் 'சஹஜ் பாட்' வெளிவந்தது. வங்காளப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு அறிமுகமான அரிச்சுவடி. அதற்குப் படங்கள் செய்தவர் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவராக இருந்த நந்தலால் போஸ். ஹாஃப்டோன் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் அவர் தேர்ந்தது லினோ. தண்டியாத்திரைக் காந்தியைக் கைத்தடியோடு நடக்கவிட்ட அவருடைய புகழ்பெற்ற படமும் அதே ஆண்டில் செய்த லினோதான். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து, சணல் துணியின் மேல் பரப்பிய தரை விரிப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. வீட்டுத் தரைக்காகச் செய்ததைக் கலைஞர்கள் படத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். மரத்தைப் போல அதற்கு நாரோட்டம் கிடையாது. உளி எந்தப் பக்கமும் போகும்.

'சஹஜ் பாட்' வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் என்பதே இல்லை. கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். மரத்தில் எத்தனை இலை என்று எண்ண முடியாது, ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். வங்காள எழுத்தின் தடிப்பும் படத்தின் கோடும் ஒரே கனத்தில் இருப்பதால், குழந்தையின் கண் எழுத்திலிருந்து படத்துக்குத் தடுக்காமல் போய் வருகிறது. பாடப்புத்தகத்தில் வண்ணப் படங்களைக் கொட்டினால் குழந்தைகள் மகிழ்வார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சின்னப் புத்தகம் நல்ல பதில்.

நந்தலாலின் மாணவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே கண் பலவீனம். 1950-களின் பிற்பகுதியில் பார்வை முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு அவர் வண்ணக் காகிதங்களை வெட்டியும் ஒட்டியும் படங்கள் செய்தார். சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். வெட்டிய காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவினாலே வடிவம் தெரிந்துவிடும். கொலாஜின் அடிப்படையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது: நிழல், மினுக்கம் எல்லாம் பிறகு, முதலில் ஓரம்.

சரி, நாம் எப்படிச் செய்வது? ஓர் உதாரணத்தோடு போகலாம். சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் பற்றி இந்த மலரில் ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1787-இல் தொடங்கிய பூங்கா அது. நம் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போகிறோம். ஆளுக்கொரு புகைப்படம் எடுக்கிறோம். எந்தப் புகைப்படத்திலும் அது மரமாகத் தெரியாது, தோப்பாகத்தான் தெரியும். 1864, 1867 புயல்களில் அந்த மரம் அடிபட்டது. பின்னால் பூஞ்சை பிடித்து, 1925-இல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் நிற்கிறது. 2020 மே மாதத்து ஆம்பன் புயலில் மீண்டும் சேதம் கண்டது. அப்படியானால் படம் காட்ட வேண்டிய ஒன்று எது? நடுவில் ஒன்றுமில்லை என்பதுதான்.

'ஆல்போல் தழைத்து' என்று நம் கல்யாணப் பத்திரிகைகளில் போடும் ஆலமரத்தைப் பாருங்கள்: தடித்த அடிமரம், மேலே குடை, பக்கத்துக்கு இரண்டு விழுது. அதையே இங்கே போட்டால் கட்டுரையும் படமும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும்.

இங்கேதான் கொலாஜ் உதவுகிறது. பழைய செய்தித்தாள், பழுப்புத்தாள், சாக்குத் துணி, கறுப்புத்தாள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இலைப்பரப்புக்கு அகலமான ஒரு துண்டு, கீழே விழுதுகளுக்கு ஒல்லியான கீற்றுகள். ஒட்டக்கூடாது, சும்மா அடுக்க வேண்டும். கீற்றுகளை நகர்த்துங்கள். நடுவில் இடைவெளி சின்னதாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரிதாக இருந்தால் இரண்டு மரங்களாகப் பிரிந்துவிடும். எந்த அளவில் "அடிமரம் எங்கே?" என்ற கேள்வி கண்ணில் எழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பென்சிலில் இதற்குப் பத்துத் தடவை அழிக்க வேண்டியிருக்கும். அளவு தெரிய ஒரு மனித உருவம் வேண்டும், விரல்நுனி உயரம் போதும். கிழித்த ஓரமும் வெட்டிய ஓரமும் வேறு வேறு பேசும் என்பதையும் கவனியுங்கள். இலைப்பரப்புக்குக் கிழித்தது, விழுதுக்கு வெட்டியது என்று வைத்தால் மென்மையும் உறுதியும் தானாக வந்துவிடும்.

திருப்தியானதும் அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கோடுகளை எடுத்து, தாளைக் கவிழ்த்து லினோவில் பதிக்க வேண்டும். கவிழ்ப்பது முக்கியம். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும். மரத்துக்கு அதனால் குற்றமில்லை. எழுத்துக்கும் சங்குக்கும் குற்றம் உண்டு. ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கடற்சிப்பியைத் தகட்டில் பார்த்தபடியே வரைந்தார். அச்சில் அதன் சுருள் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. தன் கையெழுத்தை மட்டும் நினைவாக மாற்றி எழுதியிருந்தார், அது நேராக வந்தது! நாம் சாதாரணச் சங்கை அப்படியே செதுக்கினால் அச்சில் வலம்புரிச் சங்கு கிடைக்கும். லட்சத்தில் ஒன்று என்று பேசப்படும் வலம்புரியை இவ்வளவு சுலபமாக யாரும் பெற்றதில்லை. ஆனால் மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளப் பெண்களின் கைவளையாக மாறிய பழைய வணிகத்தைப் பற்றிய கட்டுரைக்கு அந்தப் படம் போனால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

லினோவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிக்கொடுக்கும். செதுக்கும்போது பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. மையைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி ரோலரால் ஏற்றி, தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தால் போதும். அச்சு இயந்திரம் தேவையில்லை. முதல் பிரதி வெளுத்துத்தான் வரும். மூன்றாவது நான்காவதில் தெளியும்.

இன்னொரு வழி, ஒட்டுப்படத்தையே அச்சுக்கட்டையாக மாற்றுவது. கெட்டி அட்டையில் சாக்குத் துண்டு, நூல், காய்ந்த இலை, பட்டைச் சிராய் எல்லாவற்றையும் ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே வார்னிஷ் பூசிக் காயவைத்து, மை ஏற்றி அச்செடுப்பது. ஓவியக் கல்லூரிகளில் இதைக் கொலாகிராஃப் என்பார்கள். சாக்கின் பின்னல் மரப்பட்டையாக மாறுவதைப் பார்த்தால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். இலையை மட்டும் அச்செடுப்பது இன்னும் எளிது. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் மை தடவ வேண்டும். மேற்கு வங்கத்தின் மாநில மரமான சாத்திம், நம் ஏழிலைப்பாலை, இதற்கு அருமையானது. அச்செடுத்து எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஏழு இலை இருப்பதில்லை, ஐந்தோ ஆறோகூட வரும். பெயரை மட்டும் தெரிந்தவருக்கு இது தெரியாது. இப்படி எடுத்த அச்சுத் தாள்களைச் சேர்த்து வைத்து, பிறகு வெட்டி ஒட்டவும் செய்யலாம். எரிக் கார்ல் 1969-இல் வெளியான பசித்த கம்பளிப்புழுக் கதைக்கு முதலில் மெல்லிய தாள்களில் வண்ணம் தீட்டி வைத்துக்கொண்டு, பிறகே உருவங்களை வெட்டினார்.

இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னை தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலில், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜூ ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த மரங்களைக் கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சு முறையில், ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே பதித்தார்கள். 2008-இல் இத்தாலியின் பொலோன்யா புத்தகக் கண்காட்சியில் விருது பெற்ற நூல் அது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சிறு கதை. படம் அந்தக் கதையை மட்டுமே சொல்கிறது.

நம் மலருக்குத் திரும்பினால், செலவுக் கணக்கும் சாதகம்தான். வண்ணப் பக்கங்கள் எப்படியும் நகைக்கடை விளம்பரங்களுக்குப் போய்விடும், உள்ளே ஒரே மைதான். வண்ணப் புகைப்படத்தைக் கறுப்பில் அச்சிட்டால் சாம்பல் கஞ்சியாக வரும். லினோப் படத்துக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஸ்கேன் எடுக்கும்போது சாம்பல் நிறமில்லாத கறுப்பு வெள்ளையாக, 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகச் செய்து சுருக்கினால் ஓரம் கூர்மையாக நிற்கும். ஆனால் மிக மெல்லிய வெள்ளைக் கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள், சாதாரண மேப்லித்தோ தாளில் மை பரவி அடைத்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, நம் ஊர் வானிலையைப் பற்றி. எண்ணெய் மை மழைக்காலத்தில் லேசில் காயாது. இரண்டு மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் கையில் ஒட்டும். பொங்கல் மலருக்குப் படம் தருவதென்றால் பூஜை விடுமுறையில் தொடங்குவது உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். சாத்திம் பூக்கும் நேரமும் அதுதான், இரவில் வாசனை வரும் பக்கமாக நடந்தால் மரம் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.